முதன்மை விண்ணப்பதாரர் மேல் மாடிக்குப் போனார்

இந்தத் தடவை விசாவை நீட்டிக்க விடக்கூடாது என்று சூப்பிரண்டு முடிவெடுத்தது குளியலறையில். வாழ்க்கையின் பெரிய முடிவுகளை எல்லாம் அவர் அங்கேதான் எடுப்பார். அந்த வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவர் ராஜாவாக இருக்கக்கூடிய அறை அது ஒன்றுதான். வெளியே வந்தால் டீச்சரம்மாவின் ராஜ்ஜியம்.

"உள்ளே என்ன பண்றீங்க, தூங்கிட்டீங்களா?" என்று ராஜ்ஜியத்திலிருந்து குரல் வந்தது.

"முகம் கழுவறேன்."

"ஒரு முகத்துக்கு இவ்வளவு நேரமா? ஒரு வகுப்புப் பிள்ளைங்க மொத்தமும் இதுக்குள்ள கழுவிட்டு வரிசையில நின்னிருக்கும்."

"வரேன், வரேன்."

சூப்பிரண்டு அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதவி போன பிறகும் பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. டீச்சரம்மா, அவருடைய மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். நடத்தியது கணக்கை மட்டும் இல்லை என்பது சூப்பிரண்டுக்குத் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் போய்க் குடியேறலாம் என்று குதித்தவரே சூப்பிரண்டுதான். ஓய்வு பெற்றவர்களுக்கு ‘வாருங்கள், இருங்கள், வேலை மட்டும் கேட்காதீர்கள்’ என்று தனியாக ஒரு விசா கொடுக்கும் நாடு இருக்கிறது என்று எங்கேயோ படித்தார். கடற்கரை, நல்ல காற்று, சத்தமில்லாத தெரு. அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சரம்மா மாட்டேன் என்றார். அழுதார். தெரியாத பாஷை, தெரியாத ஜனம், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும் என்றார். சூப்பிரண்டு காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் செயலாளராக இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் பிரிவு உபசாரம் நடத்தினார்கள், மாலை போட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "இனிமேல் நான் இந்த ஊருக்குத் திரும்பினால் அஸ்தியாகத்தான் திரும்புவேன்" என்று முழங்கி, முன்வரிசையில் இரண்டு பேரை அழ வைத்தார். மூன்றாவது ஆள் கை தட்டினார். அவருக்குத்தான் அடுத்த செயலாளர் பதவி கிடைக்க இருந்தது.

வந்து இறங்கியபின் கதை தலைகீழானது. அழுத டீச்சரம்மா ஆறே மாதத்தில் அந்த ஊர்ப் பாஷையை அருவி மாதிரிப் பேச ஆரம்பித்தார். கண்டக்டரோடு பேசினார், கறிகாய்க்காரியோடு பேசினார், பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கிப் பழக்கமில்லாதவர், காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நீச்சல் குளத்துக்குக் கிளம்பினார். முழங்கால் வலி இருந்த இடம் தெரியவில்லை.

சூப்பிரண்டுக்கு அந்தப் பாஷையில் மூன்று வார்த்தைகள் தெரியும். நன்றி, வேண்டாம், எவ்வளவு. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு தூரம்தான் அதிகாரம் செய்ய முடியும்? தெருவில் அவரை யாருக்கும் தெரியாது. தெரிந்த இரண்டொருவரும் ‘டீச்சர் வீட்டு ஐயா’ என்றார்கள். பழைய குடியிருப்பில் லிஃப்ட் நின்றால் அவரிடம்தான் ஓடி வருவார்கள். தண்ணீர் மோட்டார், வண்டி நிறுத்துகிற தகராறு, மாடியில் துணி சொட்டுகிற பஞ்சாயத்து எல்லாம் அவர் வாசலில்தான். இங்கே லிஃப்ட் தானாகவே ஒழுங்காக ஓடியது. அதுதான் அவருக்குப் பொறுக்கவே இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், மனிதருக்குத் தனிமை தாங்கவில்லை. ஊர் திரும்ப வேண்டும் என்று ஏக்கமாக இருந்தது. ஆனால் எந்த வாயால் கேட்பது? அழுதவளை இழுத்து வந்தவர் அவர். அஸ்தி என்று முழங்கியவர் அவர். அரசாங்கமே ‘உங்களுக்கு நீட்டிப்பு கிடையாது, போங்கள்’ என்று சொல்லிவிட்டால் நிலைமை வேறு. அப்போது அவர் தோற்றுத் திரும்பியவர் இல்லை, அநியாயத்துக்கு ஆளானவர். மறுபடியும் மாலை போட்டாலும் போடுவார்கள்.

விசாவில் அவர்தான் முதன்மை விண்ணப்பதாரர். டீச்சரம்மா அவரைச் சார்ந்திருப்பவர். இருவருக்கும் ஓய்வூதியம் இருந்ததால் யார் வேண்டுமானாலும் முதன்மையாக இருந்திருக்கலாம். குடும்பத் தலைவர் என்று சூப்பிரண்டு தன் பெயரை முதலில் எழுதிக்கொண்டார். அப்போது டீச்சரம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "முன்னாடி இன்ஜின் நின்னாலும், பின்னாடி கார்டு கொடி காட்டினாத்தான் ரயில் நகரும். எழுதிக்குங்க."

நீட்டிப்புக்கு மனு கொடுத்தாகிவிட்டது. இனி குடிவரவுத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். சூப்பிரண்டு விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். படித்தார், படித்தார், பதினொன்றாம் விதியில் கண் நின்றது. கணவன், மனைவி இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ வேண்டும், இல்லாவிட்டால் முதன்மை விண்ணப்பதாரருக்கு நீட்டிப்பு கிடையாது.

புத்தகத்தைப் படீரென்று மூடினார்.

இது அவருடைய பரம்பரை வழக்கம் இல்லை, அலுவலக வழக்கம். பணியில் இருந்த காலம் பூராவும் அவர் பார்த்த வேலை ஒன்றுதான். வருகிற மனுவைத் தள்ளுபடி செய்ய ஒரு விதியைக் கண்டுபிடிப்பது. கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுவார். "அதுக்கு மேல படிக்காதீங்கய்யா. படிச்சா எங்கேயாவது ஒரு சலுகை எழுதி வெச்சிருப்பான். அப்புறம் கொடுத்துத் தொலைக்கணும்" என்று தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்குப் பாடம் எடுத்தவர். இப்போது தன் மனுவையே தள்ளுபடி செய்ய விதி கிடைத்ததும் பழைய கை தானாக மூடிவிட்டது.

திட்டத்துக்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டார். இருந்தவர் ஒருவர்தான். மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருந்த கப்பல்காரர். கப்பல் என்ஜின் அறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர், தமிழர், அந்த ஊர்ப் பாஷையும் தெரிந்தவர். டீச்சரம்மாவைத் தங்கச்சி என்பார், சூப்பிரண்டை மாப்பிள்ளை என்பார். மாலை ஆனால் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு கீழே சாப்பிட வந்துவிடுவார்.

"என்ன மாப்பிள்ளே, மூஞ்சி பளபளன்னு இருக்கு?"

"ஒரு ரகசியம். தலையே போனாலும் வெளிய வரக்கூடாது."

"என்ஜின் ரூம்ல இருந்தவன் நான். கத்திச் சொன்னாலே வெளிய கேட்காது. சொல்லுங்க."

"கொஞ்ச நாள் உங்க வீட்டுல வந்து தங்கப்போறேன்."

"தங்குங்க. அதுல என்ன ரகசியம்?"

"ஆபீசர் வரும்போது நான் கீழ இருக்க மாட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒண்ணா இல்லைன்னா விசா கிடையாது. பதினொண்ணாம் விதி சொல்லுது, ஒரே கூரைக்கு அடியில இருக்கணும்னு."

"என் வீடும் அதே கூரைக்கு அடியிலதானே மாப்பிள்ளே இருக்கு?"

"கதவு வேற. அது போதும்."

கப்பல்காரர் தாடையைச் சொறிந்தார். "விசா போனா, தங்கச்சியும் உங்களோட ஊருக்குக் கிளம்பிடுமா?"

"பின்னே? என்னைச் சார்ந்திருக்கறவதானே. நான் நகர்ந்தா அவளும் நகரணும்."

"அப்ப சாயந்திரச் சாப்பாடு?"

"யாரோட சாப்பாடு?"

"ஒண்ணுமில்லை. சும்மா கேட்டேன்."

சூப்பிரண்டு அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ரகசியம் இருக்கலாம், ஆனால் அதில் ஒருவர் மூன்றாவது ஆளின் கையால் சாப்பிடுகிறவராக இருக்கக்கூடாது.

மறுநாள் காலை வேலை ஆரம்பமானது. வீட்டை விட்டுப் போக வேண்டுமானால் கோபித்துக்கொண்டு போக வேண்டும். கோபிக்க வேண்டுமானால் சண்டை வேண்டும். சண்டைக்கு அந்த வீட்டில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை என்பதால் சூப்பிரண்டு தைரியமாகத்தான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

"இது காபியா? கழுநீர் மாதிரி இருக்கு."

"ஆமாங்க. நானும் குடிச்சுப் பார்த்தேன். வாயில வைக்க முடியலை" என்றார் டீச்சரம்மா.

சூப்பிரண்டு திடுக்கிட்டார். டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த அம்பை எடுத்தார்.

"வர வர வீட்டுல ஒரு பொருள் வெச்ச இடத்துல இருக்கறதில்லை."

"எல்லாம் என் தப்புதான். வயசாகுதில்லையா?"

"எப்பப் பாரு நீச்சல், நீச்சல். மீனா நீ?"

"நீங்க சொல்றது நியாயம்தான். கொஞ்சம் குறைச்சுக்கணும்."

வேறு வழியில்லாமல் சூப்பிரண்டு பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். டீச்சரம்மாவின் பிறந்த வீடு. கல்யாணமான நாளிலிருந்து அதைப் பற்றி அரை வார்த்தை வந்தாலும் அடுப்பு அணைந்துவிடும்.

"உங்க அண்ணன் தம்பி அத்தனை பேரும் கஞ்சனுங்க. எச்சில் கையால காக்கா ஓட்டாத ஜாதி."

"அதுல சின்ன அண்ணன் ரொம்ப மோசம்" என்றார் டீச்சரம்மா. "காக்கா வந்தா அதுகிட்ட இருந்தே ஏதாவது வாங்கிக்குவான்."

சூப்பிரண்டுக்கு வியர்த்துவிட்டது. கூட வாழ்ந்த காலமெல்லாம் இந்த ஒரு ‘ஆமாங்க’வுக்கு அவர் ஏங்கியிருக்கிறார். கிடைத்த நாளில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் காரணமே இல்லாமல் எழுந்து நின்றார்.

"நான் வீட்டை விட்டுப் போறேன்."

"எங்கே?"

"கப்பல்காரர் வீட்டுக்கு."

"சரிங்க. தலையணையை எடுத்துக்குங்க. அவர் வீட்டுத் தலையணை கல்லு மாதிரி இருக்கும், உங்க கழுத்து தாங்காது."

"நான் கோவிச்சுக்கிட்டுப் போறேன். புரியுதா உனக்கு?"

"புரியுதுங்க. கோவத்துல மாத்திரை டப்பாவை மறந்துடாதீங்க. காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்."

பெட்டியையும் டீச்சரம்மாவே அடுக்கிக் கொடுத்தார். வேட்டி, துண்டு, சட்டை, சவர சாமான் என்று ஒன்று விடாமல் வைத்தார். அடியில் குளிருக்கு ஒரு போர்வையும் வைத்தார். நாலு நாள் தங்குவதற்கு இவ்வளவு எதற்கு என்று சூப்பிரண்டுக்குக் கேட்கத் தோன்றியது. கோபித்துக்கொண்டு போகிறவர் கேட்கக்கூடாது என்பதால் கேட்கவில்லை.

மேல் மாடி வாழ்க்கை மேலான வாழ்க்கையாக இல்லை. கப்பல்காரர் பொழுது புலரும் முன்பே எழுந்து, கப்பல் தளத்தைக் கழுவுகிற பழக்கத்தில் வீடு முழுக்கத் தண்ணீரை ஊற்றித் தேய்ப்பார். சூப்பிரண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் வடியும் வரை தீவு மாதிரிக் காத்திருப்பார். காலைச் சாப்பாடு வேகவைத்த உருளைக்கிழங்கு. மத்தியானம் காலையில் மிஞ்சிய உருளைக்கிழங்கு. மாலையானால் கப்பல்காரர் தட்டைக் கழுவுவார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"கீழதான். தங்கச்சி வீட்டுக்கு."

"நான்?"

"நீங்க எப்படி மாப்பிள்ளே வர முடியும்? நீங்க பிரிஞ்சு வாழறீங்க."

கீழ் வீட்டில் தாளிக்கிற வாசனை ஜன்னல் வழியாக நேராக மேலே வந்தது. பிரிந்து வாழ்கிற மனிதர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டார். கப்பல்காரர் ஏப்பத்தோடு திரும்பி வந்து, தங்கச்சி விசாரித்ததாகச் சொன்னார்.

"என்னன்னு?" சூப்பிரண்டுக்கு நெஞ்சு கொஞ்சம் நெகிழ்ந்தது.

"அங்கே சௌகரியமா இருந்தா நிதானமா இருக்கட்டும், அவசரமே இல்லைன்னு சொல்லச் சொல்லிச்சு."

அந்த வார முடிவுக்குள் அதிகாரி வந்துவிட்டார். தடித்த கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண்மணி. சூப்பிரண்டு மேல் மாடி பால்கனியிலிருந்து பார்த்தார். அதிகாரி குடையை மடக்கிக் கீழ் வீட்டுக்குள் போனார். பேச்சுக் குரல் கேட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டது. இவ்வளவு சோகமான விஷயத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சூப்பிரண்டு யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேல் மாடிக் கதவைத் தட்டினார்கள். அதிகாரி நேரில் விசாரிக்க வந்திருந்தார். கப்பல்காரர் மொழிபெயர்க்க நடுவில் உட்கார்ந்தார்.

"நீங்க இங்கேதான் தங்கியிருக்கீங்களான்னு கேட்கறாங்க."

"ஆமா. பெட்டி படுக்கையோட."

"யாராவது கட்டாயப்படுத்தி வந்தீங்களா?"

"இல்லை. என் சொந்த விருப்பத்துல வந்தேன்னு அழுத்திச் சொல்லுங்க."

"உங்க சம்சாரம் உங்களைக் கொடுமைப்படுத்தினாங்களா?"

சூப்பிரண்டு ஒரு கணம் யோசித்தார். உண்மையைச் சொல்ல இது நல்ல சந்தர்ப்பம்தான். ஆனாலும் பெரிய மனிதத்தன்மை அவரைத் தடுத்தது. எப்படியும் விசா போகப்போகிறது, போகிற நேரத்தில் பெண்டாட்டிக்கு ஏன் கெட்ட பெயர் என்று நினைத்தார்.

"சேச்சே. அவ பத்தரைமாத்துத் தங்கம். அவகிட்ட ஒரு குறையும் இல்லை. விட்டுட்டு வந்தது நான்தான். தப்பு பூராவும் என்னோடதுன்னு எழுதிக்கச் சொல்லுங்க."

கப்பல்காரர் ஒரு வார்த்தை குறைக்காமல் மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் கண்ணாடிக்கு மேலாக சூப்பிரண்டை ஒரு பார்வை பார்த்தார். சூப்பிரண்டு தனக்குத் தெரிந்த மூன்று வார்த்தைகளில் ஒன்றை எடுத்து, நன்றி என்றார்.

அதிகாரியின் குடை தெருமுனை திரும்பியதும் சூப்பிரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். வழியில் நின்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். உள்ளே குதித்துக்கொண்டிருந்த மனசு உதட்டோரம் வந்து வந்து எட்டிப் பார்த்ததால் இரண்டு தடவை முகத்தைத் திருத்த வேண்டியிருந்தது. மணியை அழுத்தினார். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"என்னம்மா இது, உன் புருஷன்."

"அவர் மேல குடியிருக்கார். இப்பத்தான் ஆபீசர்கிட்ட எழுதிக் கொடுத்தாராம்."

"அதைச் சொல்லத்தான் வந்தேன். விதி நம்மளைக் கைவிட்டுடுச்சு. நீட்டிப்பு கிடையாதாம். என்ன பண்றது, கவர்மெண்ட் முடிவு. மூட்டையைக் கட்டு, ஊருக்குப் போவோம்."

"யார் மூட்டையை?"

"நம்ம மூட்டையை."

"உங்க மூட்டை உங்க கையிலயே இருக்கு. நான் எதுக்குக் கட்டணும்?"

சூப்பிரண்டு பொறுமையாக விளக்கினார். முதன்மை விண்ணப்பதாரருக்கு நீட்டிப்பு இல்லை என்றால் சார்ந்திருப்பவருக்கும் இல்லை. பதினொன்றாம் விதி.

"பதினொண்ணு சரி" என்றார் டீச்சரம்மா. "பக்கத்தைத் திருப்பினா பன்னிரண்டு வருமே. நாலாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"பன்னிரண்டுல என்ன?"

"முதன்மை விண்ணப்பதாரர் தானா மனைவியை விட்டுட்டுப் போயிட்டா, அந்த மனைவிக்கு ஓய்வூதியம் இருந்தா, விசா அவ பேருக்கு மாறிடும். அவதான் முதன்மை. விட்டுட்டுப் போனவர் நாட்டை விட்டும் போயிடணும்."

சூப்பிரண்டு பெட்டியைக் கீழே வைத்தார்.

"நீ அந்தம்மாகிட்ட என்ன பொய் சொன்னே?"

"ஒரு பொய்யும் சொல்லலை. உங்க புருஷன் எங்கேன்னு கேட்டாங்க. மேல கையைக் காட்டினேன். அடப்பாவமேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த மேல இல்லைங்க, மூணாம் மாடின்னு திருத்திச் சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சாங்க."

"என் திட்டம் உனக்கு எப்படித் தெரியும்?"

டீச்சரம்மா அவர் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தார். சூப்பிரண்டு திரும்பிப் பார்த்தார். படியில் பின்னாலேயே கப்பல்காரர் நின்றுகொண்டிருந்தார், கையில் கழுவிய தட்டோடு.

"யோவ், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமா?"

"பண்ணக்கூடாதுன்னுதானே மாப்பிள்ளே தங்கச்சிகிட்ட சொன்னேன். எனக்குச் சோறு போட்டது நீங்களா?"

"நீங்க என் கூட்டாளி இல்லையா?"

"முறையைப் பாருங்க. அது எனக்குத் தங்கச்சி. தங்கச்சி பக்கம் நிக்காம மாப்பிள்ளை பக்கம் நிக்கற அண்ணனை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?" என்று சொல்லிவிட்டு அவர் சங்கிலியை நீக்கச் சொல்லி உள்ளே போனார். கதவு அவருக்கு மட்டும் திறந்து, மறுபடி சங்கிலியில் நின்றது.

"இப்ப என்ன ஆச்சுன்னு முகத்தைத் தொங்கப் போட்டுட்டு நிக்கறீங்க?" என்றார் டீச்சரம்மா இடுக்கு வழியாக. "நீங்க ஆசைப்பட்டது ஊருக்குப் போறதுதானே. போகலாம். யாரும் தடுக்கலை. செயலாளர் நாற்காலி அங்கேயேதான் இருக்கும்."

அந்த நாற்காலியை சூப்பிரண்டு நினைத்துப் பார்த்தார். லிஃப்டையும் நினைத்துப் பார்த்தார். அது நிற்கும், எல்லாரும் ஓடி வருவார்கள், அவர் சரி செய்வார், ஏறித் தன் வீட்டு வாசலுக்குப் போவார். அங்கே பையில் சாவியைத் தேட வேண்டும். உள்ளேயிருந்து ‘ஏன் இவ்வளவு நேரம்’ என்று கேட்க ஆள் இருக்காது. காலையில் வெள்ளையா மஞ்சளா என்று சொல்லவும் ஆள் இருக்காது. இத்தனை நாள் போட்ட கணக்கில் இது மட்டும் விட்டுப்போயிருந்தது.

"எனக்கு இங்க பேச ஆளில்லைம்மா" என்றார். "உனக்கு எல்லாரும் இருக்காங்க. நான் நாள் பூரா ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். சொல்ல வெட்கமா இருந்தது."

சங்கிலிக்குப் பின்னால் டீச்சரம்மா கதவில் சாய்ந்துகொண்டார்.

"இதை ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருந்தா, நான் அன்னிக்கே மூட்டை கட்டியிருப்பேனே."

"இப்பச் சொல்லிட்டேனே."

"இப்பக் கட்ட மாட்டேன்." டீச்சரம்மாவின் குரலில் கோபம் இல்லை, ஆனால் உறுதி இருந்தது. "எத்தனை வருஷம் உங்க ஆபீஸ் நேரத்துக்கும் பிள்ளைங்க பள்ளிக்கூட நேரத்துக்கும் எழுந்தேன். இங்கேதான் முதல் தடவையா எனக்காக எழுந்திருக்கேன். அதை நீங்க என்கிட்ட கேட்டு வாங்கியிருக்கலாம். திருடப் பார்த்தீங்க."

சூப்பிரண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"பதிமூணாம் விதியும் இருக்கு" என்றார் டீச்சரம்மா கடைசியில். "புது முதன்மை விண்ணப்பதாரர் மனசு வெச்சா, போனவரைச் சார்ந்திருப்பவரா சேர்த்துக்கலாமாம்."

"மனசு வெப்பியா?"

"பார்க்கறேன். முதல்ல காலைக் கழுவிட்டு வாங்க. மேல தண்ணி ஊத்தி ஊத்திச் சேறு பண்ணி வெச்சிருக்கார் எங்க அண்ணன்."

மனசு வைப்பதற்கு நிபந்தனைகள் இருந்தன. காபி அவர் போட வேண்டும். பாஷை கற்றுக்கொள்ள வேண்டும். மாலையில் கணக்குப் படிக்க வருகிற பிள்ளைகளோடு அவரும் தரையில் உட்கார வைக்கப்பட்டார். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அவர்களே அவருக்கு வார்த்தை சொல்லிக் கொடுத்தார்கள். வாரக் கடைசியில் முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண், பக்கத்துப் பையன் தன் ரப்பரைத் தர மறுக்கிறான் என்று அவரிடம் புகார் கொண்டுவந்தாள். சூப்பிரண்டு பாதி பாஷையிலும் பாதி சைகையிலும் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு அவர் ஒரு வாய் அதிகமாகச் சாப்பிட்டதை டீச்சரம்மா கவனித்தார். ஊர் ஏக்கம் போய்விட்டதா என்றால் போகவில்லை. பேச்சுத் துணைக்குத்தான் கொஞ்சம் வழி பிறந்தது.

துறை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்த நாளில் சூப்பிரண்டு சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். இந்தத் தடவை அவர் விதிப் புத்தகத்தை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை படித்து முடித்திருந்தார். அதே கண்ணாடிப் பெண்மணிதான் கவுன்ட்டரில் இருந்தார். டீச்சரம்மாவும் அவரும் தோழிகள் மாதிரிப் பேசிக்கொண்டார்கள். சூப்பிரண்டுக்கு இப்போது பத்தில் இரண்டு வார்த்தை பிடிபட்டது. ஆனால் அவர்கள் பேசிய வேகத்தில் அந்த இரண்டும் கையில் நிற்கவில்லை. முத்திரை இரண்டு தடவை விழுந்தது. பாஸ்போர்ட்டுகள் வந்தன.

டீச்சரம்மாவுக்கு ஐந்து வருஷம். சூப்பிரண்டு தன்னுடையதைப் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்று மாதம்.

"என்ன அநியாயம் இது" என்றார். பழைய சூப்பிரண்டு முழுசாக எழுந்து நின்றுவிட்டார். "சார்ந்திருப்பவருக்கு ஒரு வருஷம் கொடுக்கலாம்னு பத்தொன்பதாம் விதியில இருக்கு. நானே என் கண்ணால படிச்சேன். கேளு அந்தம்மாவை. எந்த அடிப்படையில மூணு மாசம்னு கேளு. மேலதிகாரி யாருன்னு கேளு."

டீச்சரம்மா இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"அந்தம்மா ஒரு வருஷம்தாங்க போட வந்தாங்க. மூணு மாசம் போதும், நடத்தையைப் பார்த்துட்டு அப்புறம் நீட்டிக்கலாம்னு நான்தான் சொன்னேன்."